குளத்து மீனும் கமக்காரர் கூட்டமும்

குளம் என்றதும் கமக்காரர் மனத்தில் முதலில் எழுவது வயலுக்குப் பாயும் நீரேயாகும். அது முறையே. ஆயினும் அந்நீரில் நெல்லை அடுத்து மற்றொரு விளைவும் உண்டு, அதுவே மீன். நெல்லுக்கு விதைப்பு, களையெடுப்பு, அறுவடை என்னும் ஒழுங்கு இருத்தல் போல மீனுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். விதைப்புத் தேதியையும் நீர்ப் பங்கையும் தீர்மானிக்கும் போக ஆரம்பக் கூட்டமே அவ்வொழுங்கையும் வகுத்தல் வேண்டும்.

மன்னார்ப் பெருநிலப்பரப்பிலுள்ள கட்டுக்கரைக் குளத்தை எடுத்துக்கொள்வோம். தேக்கம் அணையில் மறிக்கப்படும் அருவி ஆற்றின் நீர் வாய்க்கால் வழியாக இக்குளத்தை வந்தடைகின்றது. ஏறக்குறைய 24,000 ஏக்கர் வயல் இதனை நம்பியுள்ளது. பரப்பிற் பெரிதாயினும் இஃது ஆழங் குறைந்த குளமாகும். சிறுபோகம் முடியும் காலத்தில் நீர் வற்றி, மீன்கள் யாவும் எஞ்சிய சிறு மடுக்களில் ஒடுங்குகின்றன. அவ்வேளையில் சிறு கண் வலைகளால் மடுவை அரித்தெடுப்போர் ஒருநாட் கறிக்காக அடுத்த ஆண்டின் விளைவையும் சேர்த்து அள்ளுகின்றனர். விதைநெல்லைக் குற்றிச் சோறாக்குவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

இலங்கைக்கு 1952 ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீன் இன்று நம் குளங்களெங்கும் பரவியுள்ளது. தாய்மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காப்பதால் குஞ்சுகள் பெருமளவிற் பிழைக்கின்றன. இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. நெருக்கமாக விதைத்த நாற்று மெலிவது போல, இரைக்கு மிஞ்சிய தொகையினதான திலாப்பியா வளராது குறுகிப்போகும்; குறுகிய நிலையிலேயே முட்டையிட்டு மேலும் பெருகும். ஆகவே எண்ணிக்கை மிகுந்த குளம் செல்வங் கொழிக்கும் குளமென்று கருதலாகாது.

இவ்வுண்மையை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் சுவிங்கிள் என்னும் ஆராய்ச்சியாளர் பண்ணைக் குளங்களில் ஆராய்ந்து 1950 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அங்கே பாஸ் என்னும் வேட்டை மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது மக்களின் பொழுதுபோக்கு. குளத்திலுள்ள பாஸ் மீன்களை அளவுக்கு மிஞ்சிப் பிடித்துவிட்டால் அவற்றுக்கு இரையாகும் சிறு மீன்கள் நெருங்கிப் பெருகிக் குறுகிவிடும். பின்னர் அச்சிறு மீன்களே பாஸ் மீனின் முட்டையைத் தின்று அதனைத் தலையெடுக்கவொட்டாது தடுக்கும். வேட்டை மீனும் இரை மீனும் தக்க அளவில் நின்றாலன்றி இரண்டிலும் பயனில்லை.

நம் குளங்களில் அத்தொழிலைச் செய்வது விரால். பாஸ் மீனை இங்குக் கொண்டுவர வேண்டிய தேவை சிறிதுமில்லை. விரால் கூலி கேளாது களையெடுக்கும் வேலையாள். ஆனால் விராற் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக நீர்மேல் உலாவும்போது, அவற்றைக் காத்து நிற்கும் பெரிய மீனையே சிலர் குத்தியும் தூண்டிலிட்டும் பிடிக்கின்றனர். காவலிழந்த குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகின்றன.

1990 ஆம் ஆண்டில் நன்னீர் மீன்பிடிக்கான அரசாங்க ஆதரவு நிறுத்தப்பட்டு, 1994 ஆம் ஆண்டின் பின்னரே மீண்டும் வழங்கப்பட்டது. 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நெக்டா எனப்படும் அதிகாரசபை அமைக்கப்பட்டது. எனினும் குளத்தைக் காப்போர் அதன் கரையில் வாழ்வோரேயாவர். ஆகையால் பின்வருவனவற்றைக் கூட்டத்திலேயே தீர்மானித்தல் நன்று:

1. மீனவர் சங்கத்தாருக்கும் கூட்டத்தில் இடமளித்தல்.

2. சிறுபோக முடிவில் குளத்தில் நிறுத்திவைக்க வேண்டிய நீர்மட்டத்தைக் குறித்து வைத்தல்.

3. 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள வலையை விலக்குதல். வலைக்கண்ணை இழுத்துப் பிடித்து முடிச்சுக்கு முடிச்சு அளத்தல் வேண்டும்.

4. குஞ்சு காக்கும் விராலைப் பிடியாதிருத்தல்.

5. கட்லா, ரோகு முதலியன குளத்தில் இனம் பெருக்குவது அரிதாதலின், மழை நீர் சேர்ந்தபின் அவற்றின் குஞ்சுகளை ஆண்டுதோறும் விடுதல்.

6. அலைகரையை அடுத்து மரக்கறி பயிரிடுவோர் மருந்து தெளிக்கும் கருவிகளைக் குளத்து நீரிற் கழுவாதிருத்தல்.

நீர் வயலுக்கேயன்றி மீனுக்கன்று எனச் சிலர் கூறுவர். துருசு மட்டத்துக்கு மேலுள்ள நீரைப் பொறுத்தவரை அவர் கூற்று நியாயமானதே. அம்மட்டத்துக்குக் கீழுள்ள நீரோ தானாக வயலுக்குப் பாயாது. இயந்திரத்தால் இறைப்பவருக்கே பயன்படும். அவ்வாறு இறைத்தால் கரையோரத்துச் சில தோட்டங்கள் நனையும். விட்டுவைத்தால் ஊர் முழுவதுக்கும் அடுத்த ஆண்டின் மீன் மிஞ்சும். நீர் குறைந்த ஆண்டில் அத்தோட்டக்காரர் நட்டமடைவர் என்பதும் உண்மையே. அந்நட்டத்தை அவர்கள் மட்டும் சுமத்தல் முறையன்று. மீன் வருவாயில் ஒரு பங்கை அவர்களுக்கு ஒதுக்கக் கூட்டம் முன்வருதல் வேண்டும்.

வரம்பின்றி வயலில்லை, கட்டுப்பாடின்றிக் குளத்து மீனுமில்லை. அடுத்த போகக் கூட்டத்தில் நெல்லைப் பற்றிப் பேசி முடிந்ததும், கலையுமுன் மீனைப் பற்றியும் ஒரு தீர்மானம் எழுதிக்கொள்வார்களாக.