இயந்திரத்துக்கு ஆணை: படமா, எழுத்தா?

ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் பயிற்சி வேண்டும் என்று 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறியது. அது முதல் வெளிமாநிலங்களில் வேலை பார்க்கும் நம்மவர் வீடுகளிலும் ஒரு கேள்வி எழுந்துள்ளது. திரையில் வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்துவது படிப்பா, விளையாட்டா? வரிவரியாக டைப் அடிப்பதல்லவா உண்மையான புரோகிராம் என்று கேட்கிறார்கள்.

கட்டை முறையில் பெயர் பெற்றது, அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஸ்கிராட்ச். அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் வெய்ன்ட்ராப், விலென்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் இரு முறைகளையும் ஒப்பிட்டனர். முதல் ஐந்து வாரங்களில் கட்டை முறையில் படித்தவர்களே முந்தினர். பிறகு இரு சாராரும் பத்து வாரம் ஜாவா படித்ததும் வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆகவே பெற்றோர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பிழைப்போடு சம்பந்தப்பட்ட விவாதம் நடப்பது பள்ளிக்கூடத்தில் அல்ல, தொழிற்சாலையில்.

ஒரு காலத்தில் ஆலை இயந்திரங்களை ஓட்டியவை ரிலேக்கள். கார் மாடல் மாறினால் பீரோ பீரோவாக இருந்த ரிலேக்களின் வயரிங்கைப் பிரித்து மாற்றிக் கட்ட வேண்டும். இந்தத் தொல்லை நீங்க வழி கேட்டது 1968-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி. டிக் மார்லி குழுவினர் 1969-ல் கொண்டுவந்த ‘மோடிகான் 084’ அதற்கு விடையாயிற்று. இன்று பி.எல்.சி. என்று எல்லா ஆலைகளிலும் வழங்கும் பெட்டிக்கு அதுவே முன்னோடி.

பெட்டி புதிது, பழுது பார்க்க வேண்டியவரோ பழைய எலக்ட்ரீஷியன். அவருக்குக் கம்ப்யூட்டர் மொழி தெரியாது, ரிலே வரைபடம் தெரியும். அதனால் புரோகிராமையே அந்த வரைபடம் போல அமைத்தார்கள். இரு பக்கமும் நெடுங்கோடு, நடுவே படிகள். பார்வைக்கு ஏணி போலிருப்பதால் ‘லேடர்’ என்று பெயர். தொழிலாளிக்குத் தெரிந்ததை ஒட்டி இயந்திரத்தை மாற்றியமைத்த இத்தகைய காரியங்கள் அதிகமில்லை.

இதன் அருமை இரவு ஷிப்டில்தான் தெரியும். மோட்டார் ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப்பை இணைத்தால், நிபந்தனை நிறைவேறிய இடமெல்லாம் படத்தில் நிறம் மாறித் தெரியும். எந்தக் கான்டாக்டில் நிறம் நிற்கிறதோ அங்கேதான் தடை. காவல் கதவு சரியாக மூடவில்லை என்று கண்டு, போய் மூடிவிட்டு வருவார். எழுத்துப் புரோகிராமிலும் இதைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் ‘இஃப்’, ‘தென்’ என்று போகும் வரிகளில் எந்த நிபந்தனை பொய்த்தது என ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும். (லேடரிலும் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் கோடு எங்கே அறுபடுகிறது என்று பார்க்க ஆங்கிலம் தேவையில்லை.)

எழுத்தின் தரப்பிலும் நியாயம் உண்டு. நூறு வெப்ப அளவுகளின் சராசரியைக் காண எழுத்தில் பத்து வரி போதும். லேடரில் அதே கணக்கு பக்கம் பக்கமாக நீளும். நேற்றைய புரோகிராமுக்கும் இன்றையதற்கும் என்ன வேறுபாடு என்று ஒப்பிடுவதும் எழுத்தில் சுலபம். 1993-ல் வந்த சர்வதேசத் தரநிர்ணயம் படம், எழுத்து இரண்டையுமே அங்கீகரித்தது. 2013-ம் ஆண்டுத் திருத்தத்தில் கைவிடத்தக்கது என்று குறிக்கப்பட்டது, அசெம்பிளி மொழியைப் போன்ற ஓர் எழுத்து வகையே என்பது குறிப்பிடத்தக்கது.

இப்போது தராசு எழுத்தின் பக்கம் சாய்வதற்குப் புதிய காரணம் செயற்கை நுண்ணறிவு. இந்த மென்பொருள்கள் எழுத்தைத் தின்று வளர்ந்தவை. எழுத்தாகவே எளிதில் எழுதித் தருகின்றன. ஆலைகளுக்கான இத்தகைய உதவியாளனை சீமென்ஸ் கம்பெனி மைக்ரோசாப்டுடன் சேர்ந்து 2023-ல் அறிவித்தது. என்ஜினீயரின் வேலை இதனால் விரைவாகும், சந்தேகமில்லை. ஆனால் எழுதுகிறவருக்கு மிச்சமாகும் நேரம், பழுது பார்ப்பவரின் தலையில் வந்து விழக்கூடும். தான் படிக்க முடியாத புரோகிராமை வைத்துக்கொண்டு எலக்ட்ரீஷியன் என்ன செய்வார்? இயந்திரத்தை விற்ற கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். உற்பத்தி நிற்கும். அவருடைய கைத்திறனுக்கு இருந்த மதிப்பும் மெல்லக் குறையும்.

மோட்டாரை ஓட்டுவது, நிறுத்துவது, பாதுகாப்புத் தடைகள் ஆகியவற்றை லேடரிலும், கணக்கு வழக்குகளை எழுத்திலும் வைப்பதே விவேகம். ஒரே பெட்டிக்குள் இரண்டும் இருக்கலாம்; அதற்குத் தடையில்லை. புதிய இயந்திரம் வாங்கும்போதே நிர்வாகம் இதை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். தொழிற்சங்கங்கள் போனசோடு இதையும் கேட்கலாம்.

எலக்ட்ரீஷியன்களும் எழுத்து முறையை ஓரளவு பழகிக்கொள்வது நல்லது. ‘கோடெசிஸ்’ என்ற மென்பொருளைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். படம், எழுத்து இரண்டும் அதில் உண்டு, பி.எல்.சி. பெட்டி இல்லாமலேயே புரோகிராமை ஓட்டிப் பார்க்கலாம்.