நெட் போனால் யாருக்குத் தெரியும்?

நம் வயதுக்காரர்கள் குடியிருக்கும் வீட்டில் இன்டர்நெட் என்பது பொழுதுபோக்குச் சாமான் அல்ல. கரண்ட், குடிதண்ணீர் வரிசையில் அதையும் வைத்துப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே என் எண்ணம். ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றை ஜீவன் பிரமாண் வழியாகக் கொடுக்கலாம் என்ற ஏற்பாடு 2014 நவம்பரில் வந்தது. 2021 முதல் முகத்தைச் செல்போன் கேமராவுக்குக் காட்டினாலே போதும் என்றானது. பெங்களூரிலும் ஓசூரிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகள் சாயங்காலம் வீடியோவில்தான் வருகிறார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு பேரன் வீட்டுக்குப் பத்து நாள் போனால் வாசல் கேமராவை அங்கிருந்துதான் பார்க்கிறோம்.

இத்தனையையும் தாங்குவது தலைமுடி பருமனில் ஒரு கண்ணாடி இழை. நல்லம்பள்ளி போல நெடுஞ்சாலையை ஒட்டிய ஊரில் எங்கே எப்போது ஜேசிபி பள்ளம் தோண்டும் என்று சொல்ல முடியாது. ஆடிக் காற்றில் மரக்கிளை முறிந்து, கம்பத்துக்குக் கம்பம் கட்டிய கேபிள் மேல் விழும். அறுந்துபோவதில் அதிசயமில்லை. அறுந்தது யாருக்கு, எவ்வளவு நேரம் கழித்துத் தெரிகிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலான வீடுகளில், யாராவது எதையாவது திறக்கப்போகும்போதுதான் தெரிகிறது. பூட்டிய வீடென்றால் திரும்பி வந்த பிறகு.

'நெட் போச்சு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இதற்கு 'பான்' என்று ஒரு சொல் உண்டு. பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றால் அது பெட்ரோல் பான். ஊரில் விளக்கு அணைந்தால் மின்சார பான். பாய்மரக் கப்பலை நடுக்கடலில் நகராமல் நிறுத்திவைப்பதையும் அதே சொல்லால்தான் சொல்வார்கள். ஆக, அதற்கு அர்த்தம் 'உடைந்தது' என்பதல்ல, 'நின்றது' என்பது. எதனால் நின்றது என்பதைக் கூடவே சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் வீட்டு நெட்டுக்கும் இந்தக் கேள்வியைத்தான் போட வேண்டும்.

நிற்பதில் மூன்று வகை உண்டு. முதலாவது, வீட்டில் கரண்ட் இல்லாமல் நிற்பது. பழைய டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் அதன் கம்பியில் வந்துகொண்டிருந்தது. ஊரே இருட்டானாலும் போன் பேசியது அதனால்தான். கண்ணாடி இழையில் வெளிச்சம் வரும், மின்சாரம் வராது. கரண்ட் போனால் சுவரில் இருக்கும் பெட்டி அணைந்துவிடும். இரண்டாவது, இழை அறுந்தோ கம்பெனி பக்கம் கெட்டோ நிற்பது. அப்போது பல பெட்டிகளில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரியும். மூன்றாவது, நம்மிடம் எல்லாம் சரியாக இருந்து எதிர்முனை நிற்பது. 2021 அக்டோபர் 4-ந் தேதி ராத்திரி 9 மணிக்கு மேல் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் உலகம் முழுக்க ஆறு மணி நேரம் போல நின்றது ஞாபகம் இருக்கும். வாட்ஸ்அப்பே இன்டர்நெட் என்றிருக்கும் வீடுகளில், தங்கள் இணைப்புதான் கெட்டது என்று பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டவர்கள் எத்தனை பேரோ!

மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எது என்று தெரியாமல் புகார் செய்தால் நமக்கும் அலைச்சல், வருகிற லைன்மேன் பையனுக்கும் அலைச்சல்.

சரி, ஆளில்லாத நேரத்திலும் இதைக் கவனிக்க என்ன வழி? அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டிய நம்மவர்களுக்கு விடை ஏற்கெனவே தெரியும். மேலிடத்திலிருந்து விவரம் கேட்டுக் கடிதம் வரும். விவரம் ஏதும் இல்லையெனில் இன்மை அறிக்கை அனுப்ப வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். 'ஒன்றும் இல்லை என்று சொல்ல ஒரு கடிதமா சார்?' என்று புதிதாகச் சேர்ந்த பையன்கள் சிரிப்பார்கள். ஒரு அலுவலகத்திலிருந்து பதிலே வராவிட்டால், அங்கே விவரம் இல்லையா, அல்லது கடிதத்தை யாரும் பிரிக்கவே இல்லையா? மேலே இருப்பவருக்கு அது தெரிய வேறு வழி கிடையாது. இன்மை அறிக்கை வராத இடத்துக்குத்தான் நினைவூட்டு போகும்.

ரயில்வேயிலும் இதே தத்துவம்தான். அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் என்பவர் 1872-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. தண்டவாளத்தில் சின்ன மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடும்வரைதான் பச்சை. ரயில் வந்தாலும், தண்டவாளம் முறிந்தாலும், பேட்டரியே செத்தாலும் ஓட்டம் நின்று சிக்னல் சிவப்பாகும். 'ஆபத்து' என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. 'நலம்' என்ற சேதி நின்றாலே ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது.

வீட்டு நெட்டுக்கும் இந்த முறைதான் பொருந்தும் என்பேன். வெளியிலிருந்து நம் வீட்டைத் தட்டிப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. 1983-ல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய 'பிங்' என்ற நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் கருவியின் சத்தத்தைப் பார்த்து வைத்த பெயர். ஆனால் இன்று பல வீடுகளுக்குச் சொந்தமாக இன்டர்நெட் விலாசம் கிடையாது. பழைய முறையில் இருப்பதே சுமார் 430 கோடி விலாசம்தான். மத்தியக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. அதனால் கம்பெனிகள் ஒரே விலாசத்துக்குப் பின்னால் பல வீடுகளை வைக்கின்றன. ஆபீஸ் போர்டு நம்பர் ஒன்று, உள்ளே எக்ஸ்டென்ஷன் பல என்பதுபோல. உள்ளேயிருந்து வெளியே பேசலாம். வெளியிலிருந்து நேராக நம் மேசைக்குப் போட முடியாது. ஆகவே வீடுதான் வெளியே பேச வேண்டும்.

செய்வது கஷ்டமில்லை. பிள்ளைகள் விட்டுப்போன பழைய லேப்டாப் ஒன்று போதும். அதில் பேட்டரி நன்றாக இருந்தால் நல்லது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு வெளி விலாசத்தைத் தொட்டுவிட்டு வரும்படி அதற்கு வேலை கொடுக்க வேண்டும். விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர், லினக்ஸில் கிரான் அந்த வேலையைச் செய்யும். மறுமுனையில் ஹெல்த்செக்ஸ் போன்ற சேவைகள், சிறு உபயோகத்துக்கு இலவசமாகவே, அந்த இன்மை அறிக்கைகளை வாங்கி வைத்துக்கொள்கின்றன. குறித்த நேரத்தில் வராவிட்டால் இமெயிலோ செய்தியோ அனுப்பும். அந்தச் செய்தி செல்போனின் சொந்த டேட்டாவில் வர வேண்டும். செத்த இணைப்பு வழியாகவே இறப்புச் செய்தி வராது! தொட முடியாமல் போன ஒவ்வொரு முறையும், பக்கத்து ரவுட்டராவது பதில் சொன்னதா என்று லேப்டாப்பே ஒரு வரி எழுதி வைக்கட்டும். ரவுட்டரும் பேசவில்லையென்றால் பெரும்பாலும் கரண்ட். ரவுட்டர் பேசியும் வெளியே போக முடியவில்லையென்றால் லைன்.

என் வீட்டில் அப்படி எழுதிவந்த ஒரு மாதப் பதிவில் பதினொரு முறை நின்றிருந்தது. அதில் ஒன்பது, கரண்ட் போன நேரத்தோடு ஒத்துப்போனது. கம்பெனியின் கணக்கில் எழுத வேண்டியது இரண்டுதான். ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்றை மாட்டினால் ஒன்பதில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். பதிவு இல்லாவிட்டால் பதினொன்றுக்கும் கம்பெனியைத்தான் திட்டிக்கொண்டிருப்போம்.

அந்த இரண்டுக்குப் பதிவுதான் சாட்சி. 99 சதவீதம் இணைப்பு இருக்கும் என்றால் பெருமையாகத்தான் கேட்கிறது. வருஷத்துக்கு 8,760 மணி நேரம். அதில் ஒரு சதவீதம் என்பது 87 மணி நேரத்துக்கு மேல், கிட்டத்தட்ட மூன்றரை நாள். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த டிராய் விதிகளில், வீட்டு லைன் பழுதை மூன்று நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் வாடிக்கையாளருக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. புகார் கொடுத்தால் அதற்கு எண் தர வேண்டும், திருப்தியில்லாவிட்டால் அந்தக் கம்பெனியிலேயே மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம் என்பது 2012 முதலே உள்ள விதி. 'அடிக்கடி போகுது சார்' என்ற பேச்சுக்கு மேல்முறையீட்டில் மதிப்பில்லை. தேதி, நின்ற நேரம், வந்த நேரம், புகார் எண் என்று நாலு கலம் போட்டு எழுதிய தாளுக்கு மதிப்பு உண்டு. தன்பதிவேடு எழுதிய கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

காலை நடையில் உடன் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்டார்: "இதெல்லாம் பசங்க வேலை சார். அவங்க அங்கேர்ந்தே பாத்துக்குவாங்களே, நமக்கெதுக்கு?" இங்கேதான் எனக்கு மாறுபட்ட கருத்து. பிள்ளைகளுக்கு மட்டும் எச்சரிக்கை போனால் என்ன ஆகும்? ராத்திரி பதினொரு மணிக்குக் கேமரா நின்றதும், அப்பாவுக்கு என்னவோ ஏதோ என்று ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒருவன் தவிப்பான். வெறும் கரண்ட்தான் போயிருக்கும். முதல் செய்தி வீட்டுக்காரருக்கே வர வேண்டும். இரண்டாவது, பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு. மூன்றாவதுதான் வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு. அவனுக்கும் 'நின்றது' என்பதோடு கரண்டா லைனா என்பதும் தெரிந்தால் தூக்கம் கெடாது.

இன்னொன்றும் உண்டு. கூடத்திலும் படுக்கை அறையிலும் கேமரா வைக்கச் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அக்கறைதான், மறுக்கவில்லை. ஆனால் லுங்கியோடு உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மனுஷனுக்குத் தன் வீட்டிலாவது யாரும் பார்க்காத மூலை வேண்டும். லைனைக் கண்காணியுங்கள், ஆளைக் கண்காணிக்க வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு இன்மை அறிக்கையில் நாம் என்ன செய்கிறோம் என்று ஒரு எழுத்துகூட இருக்காது.

அதே காரணத்தால் அதை அளவுக்கு மேல் நம்பவும் கூடாது. பச்சைப் புள்ளி எரிந்தால் பெட்டி நலம் என்றுதான் பொருள். பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பவர் நலமா என்பதை அது சொல்லாது. தனியாக இருக்கும் நண்பர்கள், குறிப்பிட்ட நேரத்தில் தினம் ஒருவருக்கொருவர் ஒரு போன் போட்டுக்கொள்ளுங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதுவும் ஒரு இன்மை அறிக்கைதான். ஒரு நாள் அது வராவிட்டால், நினைவூட்டு அனுப்பிக்கொண்டிருக்காமல் நேரில் போய்க் கதவைத் தட்டுங்கள்.