படிக்கிற பிள்ளைக்குச் சம்பளம்

"இன்னும் ஐந்து வருஷம் ஆராய்ச்சி படிக்கப் போகிறேன்" என்று வீட்டில் ஒரு பெண் சொன்னால், அப்பா என்ன கேட்பார்? "அதுவரை சோறு யார் போடுவது?" என்றுதான் கேட்பார். நியாயமான கேள்வி.

சர்க்கார் போடும். எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்பதில்தான் இழுபறி.

ஒரு பழைய கதையைப் பார்ப்போம். செல்போன் திரையில் விரலால் கோடு இழுக்கிறோம் அல்லவா? இதற்கு வழி காட்டியவர்களில் ஒருவர் ஒரு மாணவர். பெயர் ஐவன் சதர்லாந்து. அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தார். 1963-ல் அதை முடித்தபோது அவருக்கு வயது 24.

அப்போதெல்லாம் கம்ப்யூட்டரிடம் வேலை வாங்குவது லேசல்ல. பெரும்பாலும் அட்டையில் துளை போட்டுக் கொடுத்துவிட்டு, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சதர்லாந்து ஒளிப் பேனாவைத் திரையில் வைத்தார். கோடு விழுந்தது. பொத்தானை அழுத்தினார். கோணல் கோடு நேரானது!

அந்தக் கம்ப்யூட்டர் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்றது. ராணுவப் பணத்தில் நடந்த ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தது. லாபம் வரப் பல வருஷம் பிடிக்கும் வேலை அது. பொதுப் பணம்தான் தாங்கியது.

அதே அமெரிக்காவில் இப்போது என்ன நடக்கிறது? எல்லா விஞ்ஞானத் துறைக்கும் சேர்த்து, ஆண்டுக்குச் சுமார் 2,000 மாணவர்களுக்குச் சர்க்கார் உதவிப்பணம் கொடுத்து வந்தது. 2025 ஏப்ரலில் 1,000 பேருக்குத்தான் கிடைத்தது. ஜூனில் இன்னும் 500 பேரைச் சேர்த்தார்கள். முதலில் வெட்டு, பிறகு ஒட்டு!

நம் நாட்டில் "நெட்" தேர்வில் மேல் இடம் பெற்றால் உதவிப்பணம் உண்டு. 2023 ஜனவரியில் அது மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆக உயர்ந்தது. இரண்டு வருஷம் கழிந்தால் 42,000. குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடம் கிடைக்காதவருக்கு இந்தப் பணம் இல்லை.

மனிதனும் யந்திரமும் பழகும் விதத்தை ஆராய்வது வெறும் கணக்கு வேலை அல்ல. உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையை ரேஷன் கடை யந்திரம் ஏற்காவிட்டால் என்ன வழி? கை நடுங்கும் பாட்டி எப்படிப் பொத்தானை அழுத்துவாள்? கண் தெரியாதவர் பாங்கி யந்திரத்தில் எப்படிப் பணம் எடுப்பார்? பக்கத்தில் உட்கார்ந்து மாதக்கணக்கில் பார்த்தால்தான் விடை தெரியும்.

இந்தக் கஷ்டத்தை வீட்டிலேயே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். ஆனால் உதவிப்பணம் இரண்டு மாதம் தவறினால், ஆராய்ச்சியை விட்டுவிட்டு முதலில் வேலைக்கு ஓடுவதும் அந்தப் பிள்ளைதான். வசதியான வீட்டுப் பிள்ளை காத்திருக்கும்.

ஆகவே, சேரும் முன்பே பெற்றோர் கேட்டுவிடலாம். பணம் எத்தனை வருஷத்துக்கு? மாதா மாதம் வருமா? ஆராய்ச்சி நீண்டால் கடைசி வருஷத்துக்கு யார் கொடுப்பார்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.