மருந்தை நிறுத்தியவர் மட்டுமா குற்றவாளி?

லிங்கநகரில் வாழும் ஒரு தாய். வயலையும் வளவையும் விட்டு இடம்பெயர்ந்து வந்தவர். இன்று நாட்கூலிக்குப் போகிறார். நெல் தூசும் அடுப்புப் புகையும் பட்டால் தொய்வு இழுக்கத் தொடங்கிவிடும். கிளினிக்கில் இரண்டு பம்ப் கொடுத்திருந்தார்கள். இழுப்பு வரும்போது அடிக்கும் பம்பை அவர் கைவிடவில்லை. தினமும் அடிக்க வேண்டியதை இரண்டாம் மாதமே நிறுத்திவிட்டார். “சுகமாத்தானே இருக்கு சுவாமி, பிறகேன் மருந்து?” என்றார்.

ஒரு நள்ளிரவு மூச்சுத் திணறி வைத்தியசாலைக்குத் தூக்கிச் சென்றார்கள். அங்கே கிடைத்த முதல் மருந்து ஏச்சு.

அவர் செய்தது தவறுதான். சல்பியூட்டமோல் சுருங்கிய மூச்சுக்குழாயைச் சற்று நேரம் விரிக்கும். உள்ளே இருக்கும் அழற்சியை ஆற்றாது. அதை ஆற்றுவது பெக்லோமெத்தசோன் போன்ற மருந்தே. அதுவும் நாள் தவறாமல் எடுத்தால்தான். சல்பியூட்டமோலை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டிக் குழு 2019இல் அறிவித்தது. குளக்கட்டை மழை பெய்யும் இரவிலா திருத்துகிறோம்? 1986இல் கந்தளாய்க் குளம் உடைத்ததைக் கண்ட மாவட்டம் இது. சுகமாக இருக்கும் நாளில் எடுக்கும் மருந்தே நமது கட்டு.

ஆனால் தவறு அவருடையது மட்டுமா? நீண்டகால நோயாளரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரே மருந்தை ஒழுங்காக எடுக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் சொன்னது. அதுவும் செல்வந்த நாடுகளில்! வறிய நாடுகளில் நிலைமை இதைவிட மோசம். கிளினிக் நாள் என்றால் நம்மவருக்கு ஒரு நாள் கூலி இல்லை. பஸ் காசு வேறு. இடம்பெயர்வில் கிளினிக் கொப்பியும் தொலைந்துபோகிறது. 2022 நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளிலேயே மருந்துத் தட்டுப்பாடு வந்தது. இத்தனையையும் தாண்டி வருபவரை ஏசுவது நியாயமா?

ஆகவே வைத்தியத்துறையினரிடம் ஒரு வேண்டுகோள்: ஏசுமுன் ஏன் நிறுத்தினார் என்று கேளுங்கள். பம்ப் அடிக்கும் முறையைச் செய்து காட்டி, அவரையும் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

நம் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. கிளினிக் கொப்பியைக் காணி உறுதியோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். தினசரிப் பம்பை அடித்தபின் வாய் கொப்பளியுங்கள். சுகம் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், வைத்தியரைக் கேளுங்கள். கிளினிக்குக்குப் போக முடியாத காரணம் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். இழந்த காணியைக் கேட்பதுபோல, தடையற்ற மருந்தையும் கேட்க நமக்கு உரிமை உண்டு.