நம்மவர் போடும் பூட்டு

2025 பிப்ரவரி 15 அன்று விகடன் இணையதளம் முடங்கியபோது விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுமங்கள் கொதித்தெழுந்தன. கைவிலங்கும் கால்விலங்கும் பூட்டி அமெரிக்கா இந்தியர்களை இராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பியது. அதனை ஒட்டி, டிரம்பின் அருகே பிரதமர் விலங்குகளோடு அமர்ந்திருப்பதாக விகடன் ப்ளஸ் இதழில் ஒரு கேலிச்சித்திரம் வெளிவந்தது. அது ஒன்றுக்காக, நூறாண்டை நெருங்கும் ஒரு பத்திரிகை நிறுவனத்தின் முழுத் தளமும் மறைக்கப்பட்டது. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அச்சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கும்படி விகடனுக்கும், தளத்தைத் திறக்கும்படி ஒன்றிய அரசுக்கும் உத்தரவிட்டது. நாமும் மகிழ்ந்தோம். அதில் தவறில்லை.

அதே ஆண்டு அக்டோபரில், கரூர்த் துயரத்தின் சூடு ஆறுவதற்குள், புதிய தலைமுறை தொலைக்காட்சி அரசு கேபிளில் தெரியாமற் போனது. பத்திரிகையாளர் அமைப்புகள் கண்டித்தன. நம் குழுமங்களில் மட்டும் அமைதி. யாரேனும் பேச்செடுத்தால், "பா.ஜ.க.வுக்கு வாய்ப்புக் கொடுக்காதீர்கள் பாய்" என்று ஒரு பெரியவர் அடக்கிவிடுவார். விலங்கு பூட்டிய சித்திரத்திற்காகக் கண்ணீர் விட்ட நாம், நம்மவர் பூட்டிய பூட்டைக் கண்டு முகம் திருப்பிக்கொண்டோம்.

இந்தப் பூட்டு புதிதன்று. அரசு கேபிள் நிறுவனம் 2007இல் தி.மு.க. ஆட்சியில் தொடங்கப்பட்டு, 2011க்குப் பின் அ.தி.மு.க. ஆட்சியில் ஊரெங்கும் பரவியது. குறைந்த கட்டணம் என்பதால் ஏழை எளியோர் வீடுகளில் அதுவே வந்து சேர்ந்தது. விரும்பாத செய்தியை நிறுத்த ஆட்சியாளர் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. சேனலைப் பின்வரிசைக்குத் தள்ளினாலே போதும். 2018 ஜூனில் கோவையில் நடந்த ஒரு விவாத நிகழ்ச்சிக்காக இதே புதிய தலைமுறைமீது எடப்பாடி பழனிசாமியின் அரசு வழக்குப் போட்டது. அன்று அதனைக் கருத்துரிமைப் படுகொலை என்று முழங்கியவர்களே 2025இல் ஆட்சியில் இருந்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் தணிக்கையின் கொடுமையை முரசொலி வழியாகவே அனுபவித்த கட்சி அது. 1976 ஜனவரி 31 அன்று ஆட்சியையே பறிகொடுத்த கட்சி. அக்கட்சியிடம் நாம் எதிர்பார்த்தது இதுவா?

மற்றவர்களின் கணக்கும் நீளமானதே. 1987இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், அமைச்சர்களையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் கிண்டல் செய்த ஓர் அட்டைப்படத் துணுக்குக்காக விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. 2003 நவம்பரில் ஜெயலலிதா ஆட்சியில், தி இந்து நாளிதழின் ஆசிரியர் குழுவினரைக் கைது செய்யக் காவலர்கள் அலுவலகத்திற்கே சென்றனர். 2024 மே மாதத்தில், தி.மு.க. ஆட்சியில், சவுக்கு சங்கர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. ஆகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் அதனை ரத்து செய்தது. அவர் பெண் காவலர்களைப் பற்றிப் பேசிய பேச்சு அருவருப்பானது. அதற்கு வழக்கு உண்டு, விசாரணை உண்டு. விசாரணையின்றி அடைத்து வைக்கும் சட்டம் எந்தெந்தச் சமுதாயத்தின் பிள்ளைகள்மீது முதலில் பாயும் என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்?

இன்னும் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2020 ஏப்ரலில் டெல்லி தப்லீக் மாநாட்டைச் சாக்கிட்டுத் தொலைக்காட்சிகள் நம்மைக் கிருமி பரப்புவோராகச் சித்திரித்தன. மாநாட்டுக்குச் சென்று திரும்பியோரின் ஊர்களில் விழுப்புரமும் ஒன்று. காய்கறி வண்டிக்காரர்கூட நம் தெருவுக்குள் வரத் தயங்கிய நாள்கள் அவை. அப்போது நம்மில் பலர், அந்தச் சேனல்களை அரசே இழுத்து மூட வேண்டும் என்று கோரினோம். வலியில் எழுந்த குரல் அது. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்புதான், டெல்லிக் கலவரத்தைக் காட்டியதற்காக மீடியா ஒன், ஏசியாநெட் நியூஸ் ஆகிய இரு மலையாளச் சேனல்களுக்கும் அதே அரசு 48 மணி நேரத் தடை விதித்து, எதிர்ப்பு கிளம்பியதும் விலக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையில் இன்னும் பெரிய பூட்டைக் கொடுங்கள் என்றல்லவா நாம் கேட்டிருக்கிறோம்!

2022 ஜனவரி 31 அன்று அந்தக் கை மீண்டும் நீண்டது. பாதுகாப்பு அனுமதி இல்லையென்று மீடியா ஒன் நிறுத்தப்பட்டது. காரணம் கேட்டால், அது மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருக்கிறது, நீதிபதிகளுக்கு மட்டுமே காட்டுவோம் என்றது அரசு. கேரள உயர் நீதிமன்றத்தின் இரு அமர்வுகளும் அதனை ஏற்றன. 2023 ஏப்ரல் 5 அன்றுதான் உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவருக்குக் காரணத்தை மறைப்பது நீதியன்று என்றும், அரசை விமர்சிப்பது தேச விரோதமாகாது என்றும் கூறித் தடையை உடைத்தது. ஹத்ராஸுக்குச் செய்தி சேகரிக்கப் புறப்பட்டு 2020 அக்டோபர் 5 அன்று கைதான சித்தீக் காப்பன் வெளியே வர 2023 பிப்ரவரி ஆயிற்று. அதற்கிடையில் அவருடைய தாயார் மரணித்துவிட்டார்.

உறைக்குள் மறைத்த காரணத்தை எதிர்த்து மகிழ்ந்த நாம், அரசு கேபிளில் உறைகூட இல்லாமல் சேனல் மறைந்தபோது ஏன் வாய் திறக்கவில்லை?

காஸாவிலும் இதுதான் நம் நிலை. 2024 மே மாதத்தில் இஸ்ரேல் அல் ஜஸீரா அலுவலகத்தை மூடியபோது நம் மிம்பர்களிலிருந்து கண்டனம் எழுந்தது. 2025 ஜனவரி 1 அன்று பாலஸ்தீன அதிகார சபையே மேற்குக் கரையில் அதே அல் ஜஸீராவுக்குத் தடை விதித்தது. நம்மில் எத்தனை பேர் அதனை அறிந்தோம்? அறிந்தவர்களில் எத்தனை பேர் பேசினோம்?

நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் நீதிக்குச் சாட்சி சொல்லும்படி நம்மைப் பணிக்கும்போது, எதிரிகளைக் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. நம்மையும், நம் பெற்றோரையும், உறவினரையும்தான் குறிப்பிடுகிறது. கலீஃபாவாகப் பொறுப்பேற்ற முதல் உரையிலேயே, தாம் தவறினால் திருத்துமாறு மக்களைக் கேட்டுக்கொண்டவர் அபூபக்ர் (ரலி). அவரைத் திருத்தும் உரிமை மக்களுக்கு இருந்ததென்றால், கோட்டையில் அமர்ந்திருப்போர் அதற்கு மேற்பட்டவர்களா?

ஃபாசிசத்தைத் தடுப்பதற்காகவே வாக்களிக்கிறோம், ஆகவே இவர்களின் பிழையைப் பொறுத்துக்கொள்கிறோம் என்பது நம் வழக்கமான சமாதானம். அந்த அச்சம் பொய்யானதன்று. நாமும் அதே அச்சத்தோடுதான் சாவடிக்குப் போகிறோம். ஆனால் வாக்கு வேறு, வாய் வேறு. வாக்களித்த கையோடு வாயையும் ஒப்படைத்துவிட்டால், நாளை வேறொருவர் கோட்டைக்கு வந்து அதே அரசு கேபிளை, அதே குண்டர் சட்டத்தைக் கையில் எடுக்கும்போது, நாம் எந்த முகத்தோடு எதிர்ப்போம்?

நம்முடையது ரவிக்குமார் என்னும் எழுத்தாளரை இருமுறை நாடாளுமன்றத்திற்கு அனுப்பிய தொகுதி. சட்டமன்றத் தேர்தல் வரும்போதெல்லாம், ஜும்ஆ முடிந்து வெளியே வரும் நம்மைச் சந்திக்கக் கட்சிக்காரர்கள் பள்ளிவாசல் வாயிலில் சால்வையோடு காத்திருப்பார்கள். கப்ருஸ்தான் சுற்றுச்சுவரையும் உலமா ஓய்வூதியத்தையும் கேட்போம், கேட்க வேண்டியவைதான். அத்தோடு இதையும் கேட்போம்: அரசு கேபிளில் ஒரு சேனல் நின்றால், யார் போட்ட உத்தரவு அது, என்ன காரணம் என்பதை எழுத்தில் தருவீர்களா?