வழி சொல்லாத சிரிப்பு

"ஜோக்குக்கு ஏது சொந்தக்காரன்?" என்ற கேள்வி மும்பையின் நகைச்சுவை மேடைகளைச் சுற்றி அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. ஒருவர் மற்றவரின் துணுக்கை எடுத்துக்கொண்டார் என்று குற்றச்சாட்டு வரும். இரண்டு நாள் சமூக ஊடகம் கொதிக்கும். மூன்றாம் நாள் பெரிய பெயர் கொண்ட ஒருவர் முனிவருக்குரிய பொறுமையோடு தோன்றி, சிரிப்பு காற்றைப் போன்றது, அதற்கு வேலி போட முடியாது என்று அருள்வார். அந்தத் தத்துவத்தைத் துணுக்கைப் பறிகொடுத்தவர் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. எடுத்தவர்களும் எடுத்தவர்களின் நண்பர்களுமே சொல்கிறார்கள்.

தத்துவம் மெய்யானால் அது காவல் நிலையத்திலும் செல்லுபடியாக வேண்டும். 2025 மார்ச்சில், கார் பகுதியின் ஹாபிடாட் அரங்கில் பதிவான குணால் காம்ராவின் நிகழ்ச்சியில், துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டேயைக் குறித்ததாகக் கொள்ளப்பட்ட கேலிப் பாட்டு ஒன்று இருந்தது. அரங்கம் அடித்து நொறுக்கப்பட்டது. காம்ரா மீது வழக்குப் பதிவாயிற்று. விழுப்புரத்தில் வசிப்பவர் என்ற முறையில் அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகி இடைக்கால முன்பிணை பெற்றார். அந்த வரிகள் யாருடையவை என்பதில் நாற்காலியை உடைத்தவருக்கும் வழக்கு எழுதியவருக்கும் சிறு ஐயமும் எழவில்லை. 2021 புத்தாண்டு நாளில் இந்தூரில் கைதாகி ஒரு மாதத்துக்கு மேல் சிறையிலிருந்த முனாவர் ஃபாரூக்கியின் தரப்போ, அன்று மேடையில் சொல்லாத துணுக்குக்காகவே அவர் உள்ளே போனார் என்று வாதிட்டது. தண்டனை என்று வரும்போது துணுக்குக்கு ஆசிரியன் உடனே கிடைத்துவிடுகிறான். பெயரும் கூலியும் என்று வரும்போது மட்டும் அது காற்றாகிவிடுகிறது.

காம்ரா விவகாரத்தில் அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்றும் உண்டு. அதே வாரத்தில், டி-சீரிஸ் நிறுவனத்தின் பதிப்புரிமைக் கோரிக்கையால் தம் காணொளி யூடியூபில் முடக்கப்பட்டதாக அவர் அறிவித்தார். நையாண்டி நியாயமான பயன்பாட்டில் அடங்கும் என்பது அவர் வாதம். அந்த வாதத்தின் நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு திரைப்பாட்டின் மெட்டு நகைச்சுவையாளர் வாயில் வந்தால் சில நாள்களில் அதைக் கண்டுபிடித்துத் தடுக்கும் இயந்திரம் இந்த நகரத்தில் இருக்கிறது. நகைச்சுவையாளரின் துணுக்கு தொலைக்காட்சி வாயில் வந்தால் கண்டுபிடிக்க எந்த இயந்திரமும் இல்லை. மெட்டுக்குப் பின்னால் நிறுவனம் நிற்கிறது. துணுக்குக்குப் பின்னால் நிற்பவன் மறுநாள் வாடகை கொடுக்க வேண்டிய ஒரு தனியாள்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் இக்கேள்வியின் வேர் தேடிப் போகிறவர்கள் வந்து நிற்கும் இடம் ஆர். ஜி. ஆனந்த் வழக்கு. சட்ட மாணவர்கள் அதை ஏழு கோட்பாடுகளாக மனனம் செய்கிறார்கள். அது ஒரு நகைச்சுவையைப் பற்றிய வழக்கு என்பதையும், அந்த நகைச்சுவையின் மூலப்பொருள் ஒரு தமிழ்க் குடும்பம் என்பதையும் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

ஆனந்த் தொழிலால் கட்டடக் கலைஞர், நாடகமும் எழுதியவர். 1953இல் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற நாடகத்தை எழுதி, 1954 பிப்ரவரியில் தில்லியில் மேடையேற்றினார். அக்கம்பக்கத்தில் வாழும் ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு 'மதராசி'க் குடும்பம். இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் காதல். மாகாண வெறியில் முட்டிக்கொள்ளும் பெற்றோர். இதுதான் கதை. பம்பாய் இயக்குநர் மோகன் செகால் நாடகத்தில் ஆர்வம் காட்டிக் கடிதம் எழுதினார். 1955 ஜனவரியில் தில்லி வந்தபோது ஆனந்த் முழு நாடகத்தையும் அவருக்குப் படித்துக் காட்டினார். பிறகு அங்கிருந்து தகவல் இல்லை. 1956 செப்டம்பரில் 'நியூ டெல்லி' படம் தில்லித் திரையரங்குகளுக்கு வந்தது. பஞ்சாபி இளைஞனான கிஷோர் குமார் வாடகைக்கு வீடு கிடைக்காமல் தமிழனாக வேடமிடுகிறார், தமிழ்ப் பெண்ணான வைஜயந்திமாலாவைக் காதலிக்கிறார், பெற்றோர் முட்டிக்கொள்கிறார்கள்.

விசாரணை நீதிமன்றம் ஆனந்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தில்லி உயர் நீதிமன்றமும் அவ்வாறே. 1978இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கருத்துக்கும் கருப்பொருளுக்கும் பதிப்புரிமை இல்லை, வெளிப்பாட்டுக்கே உண்டு. இரண்டையும் பார்த்த சாதாரணப் பார்வையாளனுக்கு ஒன்று மற்றொன்றின் நகல் என்ற ஐயமற்ற எண்ணம் எழ வேண்டும். இங்கே எழவில்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. படத்தில் வரதட்சணைக் கொடுமை போன்ற புதிய இழைகள் இருப்பதும் சுட்டப்பட்டது. தனித் தீர்ப்பு எழுதிய நீதிபதி பதக், திரைக்கதை எழுதியவர் நாடகத்தின் திட்டத்தை அறிந்திருந்தார், அதன் தாக்கம் படத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆயினும் கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் ஒருமித்துக் கண்ட முடிவில் தலையிடவில்லை. படம் வெளிவந்து 22 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை இது. ஒரு மனிதர் தம் நாடகத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். கேட்டவர் எழுந்து போய் வேறொன்று செய்தார். சட்டம் அதைக் குற்றமாகக் காணவில்லை.

தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருக்கலாம். நாவலுக்கும் முழுநீளப் படத்துக்கும் அந்த அளவுகோல் பொருந்தும். துணுக்குக்குப் பொருந்துமா என்பதே கேள்வி. நானூறு பக்க நாவலில் கருத்து எலும்பு, வெளிப்பாடு சதை, பிரித்துப் பார்க்கலாம். மூன்று வரித் துணுக்கில் எலும்பே சதை. எதிர்பாராத அந்தத் திருப்பம்தான் அதன் ஆக்கம் முழுவதும். திருப்பத்தை அப்படியே வைத்துக்கொண்டு மாமியாரை மேலாளராகவும் செம்பூரை அந்தேரியாகவும் மாற்றிவிட்டால் வெளிப்பாடு வேறாகிவிடுகிறது. திருட்டும் சட்டப்படி கரைந்துவிடுகிறது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துநருக்கு உரிமை தருகிறதே என்பர். அது அவருடைய நிகழ்ச்சியின் பதிவைக் காக்கிறது. அவர் சொன்னதை இன்னொருவர் தம் வாயால் சொல்வதைத் தடுக்காது. 57ஆம் பிரிவு ஆசிரியர் என்று உரிமை கோர இடம் தருகிறது. அதற்கு முதலில் வழக்கறிஞருக்குக் கட்டணம் தர வேண்டும்.

அமெரிக்காவில் நிலைமை சற்றே மேல். அலெக்ஸ் கேஸ்பெர்க் என்ற துணுக்கெழுத்தாளர், தம் துணுக்குகள் கோனன் ஓ'பிரையனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்ததாக 2015இல் வழக்குத் தொடுத்தார். மூன்று துணுக்குகள் மீதான வழக்கு விசாரணைக்குப் போகலாம் என்று 2017இல் நீதிபதி அனுமதித்தார்; துணுக்குக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் அது மெல்லியது என்றார். 2019இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அங்கும் நான்காண்டு பொறுமை தேவைப்பட்டது.

தமிழுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டு வேலை. முதலாவது, ஆனந்த் வழக்கில் இரு தரப்பும் மோதிக்கொண்டது தமிழனை வைத்துச் செய்த நகைச்சுவைக்காக. மோதலில் தமிழன் எந்தத் தரப்பும் அல்லன், வெறும் கச்சாப்பொருள். பம்பாய் அந்தக் கச்சாப்பொருளை அதற்குப் பிறகும் விடவில்லை. 1964இல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொன்னார். சித்ராலயா கோபுவின் பங்களிப்போடு உருவான அக்காட்சி 1966இல் 'ப்யார் கியே ஜா'வாக ஹிந்திக்குப் போனது. மெஹ்மூத் ஓம் பிரகாஷுக்குக் கதை சொன்னார். ஃபிலிம்ஃபேர் விருது மெஹ்மூதுக்கு வந்தது. அங்கே திருட்டு இல்லை. ஸ்ரீதரே இயக்கிய முறையான மறுஆக்கம் அது. ஆயினும் மாட்டுங்காவின் தமிழ்க் குடும்பங்களைத் தவிர அந்த நகரத்தில் எத்தனை பேருக்கு அந்தச் சிரிப்பு நாகேஷின் உடம்பிலிருந்து புறப்பட்டது என்று தெரியும்? இரண்டே ஆண்டுகளில் அதே மெஹ்மூத் 'படோசன்' படத்தில் குடுமி வைத்த மாஸ்டர் பிள்ளையாக வந்தார். வாங்கிய சிரிப்புக்குப் பெயர் மறைந்தது. திருப்பித் தந்த கேலிச்சித்திரம் மட்டும் தலைமுறைகளுக்கு நின்றது.

இரண்டாவது வேலை முக்கியமானது. ஒரு துணுக்குக்கும் ஆசிரியன் உண்டு என்று நடைமுறையில் ஒப்புக்கொண்ட மொழி தமிழ். இலக்கண நூல்கள் நூலை முதல்நூல், வழிநூல் என்று பகுத்தன. பிறமொழியிலிருந்து கொண்டு வருவதையும் வழிநூலின் வகையாக ஏற்றன. எடுத்தாள்வதை அவை பழிக்கவில்லை. ஆனால் பாயிரத்தில் ஆக்கியோன் பெயரையும் நூல் வந்த வழியையும் சொல்லச் சொன்னது நன்னூல். எடு, வழியைச் சொல் என்பதே முறை. அச்சு யுகத்தில் இந்த முறையைப் பேராசிரியர்களைவிட நேர்மையாகக் கடைப்பிடித்தவை வார இதழ்கள். ஆனந்த விகடனிலும் குமுதத்திலும் இரண்டு வரிச் சிரிப்புக்குக் கீழேயும் அனுப்பியவர் பெயர் இருந்தது, சன்மானமும் போயிற்று. பம்பாயிலிருந்து எழுதிய வாசகர்களின் பெயர்களும் அந்தப் பக்கங்களில் உண்டு. தம் பெயர் அச்சில் வந்த பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டவர்களிடம் போய், ஜோக்குக்கு ஏது சொந்தக்காரன் என்று கேட்டுப் பார்க்கலாம்.

இதைச் சொல்லிவிட்டுத் தமிழ்த் திரையுலகை மட்டும் விட்டுவிடுவது நேர்மையாகாது. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று அயல்நாட்டுப் படங்களை வழி சொல்லாமல் வாரிக்கொண்டதில் கோடம்பாக்கம் பம்பாய்க்கு இளைத்ததன்று. வீட்டுக்குள்ளேயே நடந்த மறதி அதைவிடப் பெரிது. 'கரகாட்டக்கார'னின் வாழைப்பழக் காட்சியைத் தாராவியின் தொண்ணூறு அடிச் சாலைத் தேநீர்க் கடைகளில் இன்றும் நடித்துக் காட்டுவார்கள். கவுண்டமணி, செந்தில் பெயர்கள் குழந்தைக்கும் தெரியும். அவர்களுக்கு நகைச்சுவைப் பகுதிகளை எழுதித் தந்த ஏ. வீரப்பனின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? பறிப்பவன் இல்லாமலும் ஒருவன் பறிகொடுக்க முடியும். பார்வையாளரின் அலட்சியமே போதும்.

எதிர்வாதங்களில் கவனிக்கத்தக்கது ஒன்றுதான்: தற்செயல். ஒரே ரயில் நெரிசலில் நின்று, ஒரே வீட்டு உரிமையாளரிடம் ஏச்சு வாங்குகிற இருவருக்கு ஒரே துணுக்கு தோன்றாதா? தோன்றும். தெனாலிராமன் கதையும் மாமியார் கேலியும் பொதுச்சொத்து என்பதிலும் மறுப்பில்லை. ஆனால் தற்செயலுக்குத் திசை இருக்கக் கூடாது. சிறியவன் முதலில் சொன்னதைப் பெரியவன் பிறகு சொன்னால் தற்செயல் என்றும், பெரியவன் சொன்னதைச் சிறியவன் சொன்னால் திருட்டு என்றும் பெயர் வைப்பவர்கள் தற்செயலைப் பற்றிப் பேசவில்லை, தகுதியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

நகைச்சுவையாளர்கள் தங்களுக்குள்ளேயே ஒழுங்கு செய்துகொள்கிறார்கள், திருடுபவனோடு மேடை ஏற மறுத்தே அவனை வெளியேற்றிவிடுகிறார்கள் என்று டோட்டன் ஒலியாரும் கிறிஸ்டோபர் ஸ்ப்ரிக்மனும் 2008இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையைச் சிலர் காட்டுவர். சமமானவர்களுக்கு நடுவே அது நடக்கும். ஓபன் மைக்கில் ஐந்து நிமிடத்துக்காகக் காத்திருப்பவன் யாரோடு மேடையேற மறுப்பான்? அவனை மேடையேற்றுவதற்கே ஆள் இல்லை.

தாராவியிலிருந்து அப்படிப் போகிறவனுக்கு மாகிமில் ரயிலேறினால் இரண்டாவது நிலையம் கார் ரோடு. ஹிந்தியும் மராத்தியும் நெல்லைத் தமிழும் கலந்த தன் வீட்டுப் பேச்சை அவன் வாரக்கணக்கில் செதுக்கி ஐந்து நிமிடமாக்குகிறான். பணம் இல்லை, சிரிப்பு விழும் இடத்தையும் விழாத இடத்தையும் அறிவதே கூலி. அரங்கில் இருபது கைப்பேசிகள். அவனே வெளியிட்ட காணொளியைப் பெரிய பக்கம் ஒன்று தன் முத்திரை பதித்து மறுபதிவு செய்யும். பார்வைகளும் விளம்பரக் காசும் அதற்கு. திருப்பத்தை மட்டும் உருவிக்கொண்டவர் இன்னும் பாதுகாப்பானவர். காட்ட முத்திரையும் கிடையாது. அடுத்த மாதம் அவன் அதே ஐந்து நிமிடத்தோடு மேடையேறும்போது முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம், இது டிவியில் வந்ததாயிற்றே என்கிறார். அந்த நொடியில் திருடன் அவன்தான். தன் சரக்கில் ஆகச் சிறந்ததை அவனே வெட்டி எறிய வேண்டும்.

இதைத் தடுக்கப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2018இல் 'சர்கார்' படத்தின் கதை குறித்து வருண் ராஜேந்திரன் முறையிட்டபோது, பாக்யராஜ் தலைமையிலிருந்த தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கம் அவர் பக்கம் பேசியது. படம் வெளிவருமுன் சமரசம் ஏற்பட்டு அவருக்குப் பெயர் தர ஒப்புக்கொள்ளப்பட்டது. சங்கம் வாய் திறந்ததால் சில வாரங்களில் நடந்தது அது. ஓபன் மைக் நடத்தும் அரங்குகளிடம் ஒவ்வொரு நிகழ்ச்சியின் பதிவும் நாள் குறிப்போடு இருக்கிறது. தகராறு எழுந்தால் அதை எடுத்துக் காட்ட ஓர் அரங்கு முன்வரலாம். தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் இறுதியில் ஓடவிடும் பெயர்ப் பட்டியலில், துணுக்கு எங்கிருந்து வந்ததோ அந்தப் பெயருக்கு ஒரு வரி இடம் விடலாம். இரண்டு வரிச் சிரிப்புக்குக் கீழே வார இதழ்கள் விட்ட இடம் அதைவிடப் பெரிதன்று.