நீலிக் கண்ணீர்

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடை. விலையைக் கேட்டதும் ஓர் அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீலிக் கண்ணீர் வடிக்காதே!" என்றார் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் 'லோகா' பார்த்திருந்தேனே! 2025-ல் வெளியான மலையாளப் படம். சூப்பர் ஹீரோ என்றால் ஆண்பிள்ளைதான் என்ற வழக்கம் அதில் இல்லை. அடிதடி அத்தனையும் கள்ளியங்காட்டு நீலியின் கைவரிசை! கோயிலுக்குள் விடப்படாத மலைக்குடியில் பிறந்த பெண். நடித்திருப்பவர் கல்யாணி, இந்த ஊர் நெசவாளர் வாழ்க்கையைக் 'காஞ்சிவரம்' என்று படமாக்கித் தேசிய விருது பெற்றாரே, அந்தப் பிரியதர்ஷனின் மகள்.

நம் பக்கத்து நீலி கதை திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நடக்கிறது. காஞ்சிபுரத்துக் கணவன் அவளைக் கொன்றான். பேயாக வந்து, அழுது நம்பவைத்துப் பழி தீர்த்தாள். அவன் உயிருக்குப் பிணை நின்று, வாக்குத் தவறியதால் தீயில் இறங்கிய 70 வேளாளரை இன்றும் போற்றுகிறோம். நியாயம்தான். அவள் அழுதது பொய், அதுவும் சரி. கொன்றவன் பெயரில் ஒரு பழமொழிகூட இல்லையே, ஏன்?

கடைக்காரர் அடுத்த புடவையை விரித்தார். அந்த அம்மாள் பார்க்கவில்லை. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.